வாசிப்புக் கருவியை வாங்கியவர் யார்?

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்லி மகிழ்வது தாமிரபரணிக் கரை வழக்கம். அப்போதெல்லாம் நாம் கல்லூரிகளையே எண்ணுகிறோம். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் இங்குத் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை நினைப்போர் குறைவு. வாசிப்புக் கருவிகள் தமிழுக்கு வந்த வரலாற்றை அப்பள்ளியிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

அக்காலக் கருவி எளியது: ஒரு சட்டம், ஓர் ஊசி, தடித்த தாள். லூயி பிரெய்ல் 1829இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறையில் வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால், விரல் இடமிருந்து வலமாகப் படிக்கும். ஆறு புள்ளிகளால் அமையும் வடிவங்கள் 63. தமிழ் எழுத்துகளோ 247. எனினும் இது தடையாகவில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பெற்ற பாரதி பிரெய்லில் 'கி'க்குத் தனி வடிவம் கிடையாது. ககரத்தை அடுத்து இகரம் வரும். 'க்' வேண்டுமெனில் ககரத்தின் முன் ஒரு புள்ளி. உயிரும் மெய்யும் கூடியதே உயிர்மெய் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கடப்பதை அவ்வாசகரின் விரல் ஒவ்வொரு சொல்லிலும் தொட்டறிகிறது.

எழுத்துக்கு வழி பிறந்தது, விலைக்குப் பிறக்கவில்லை. 1976இல் அமெரிக்காவில் அறிமுகமான கர்ஸ்வைல் வாசிப்பு இயந்திரத்தைத் தமக்கென வாங்கியவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். அத்தகைய வசதி எத்தனை பேருக்கு உண்டு? கணினித் திரையைப் படித்துக் காட்டும் ஜாஸ் மென்பொருளும் 2000களில் ஏறத்தாழ 1,000 டாலர் விலையில் இருந்தது. ஆகவே இத்தகைய கருவிகளைப் பெரும்பாலும் நிறுவனங்களே வாங்கின. நம் நாட்டில் 1981 முதல் நடுவணரசின் உதவி உபகரணத் திட்டமும் உண்டு. வாங்குபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்றாகும்போது விற்பனையாளரின் விளக்கம் அலுவலக மேசையை நோக்கியே அமைகிறது. 'இது தமிழ் படிக்குமா?' என்பது மேசைக்கு அப்பால் இருப்பவரின் கேள்வி.

அக்கேள்விக்கு விடை விற்பனை வழியாக மட்டும் வரவில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இலவசமாகவே கிடைத்தது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் ஒலிக்கிறது. உச்சரிப்பில் இயந்திரத்தனம் உண்டு, ஆயினும் படிக்கிறது.

இப்போது தடை நம் பக்கம் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த நூலைத் திரைபடிப்பான் பொருளற்ற ஒலிகளாகவே உதிர்க்கும். படமாக வருடிய பக்கம் அதற்கு வெற்றுத்தாள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. 2012ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் ஆக்க வழிவிட்டது. மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடும் இந்தியாவே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை எழுத்துவடிவில் தந்துள்ளமையால் சங்கப் பாடல்கள் அவ்வாசகருக்கு எட்டுகின்றன. சென்ற ஆண்டு வந்த நாவல் எட்டுவது அரிது.

எழுதுவோரும் பதிப்பிப்போருமாகிய நாம், அச்சுக்கு அனுப்பும் கோப்பின் யூனிகோடுப் படி ஒன்றைப் பேணி, கேட்பவருக்குத் தரலாம். அதற்கு யாரும் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.