பதின்மூன்று நாள்களும் ஒற்றை வரியும்

நமது தமக்கை மகன் பதினோராம் வகுப்பில் பயில்கிறான். தேர்வுக்கு முந்தைய வாரம் அவனுடைய வரலாற்றுக் குறிப்பேட்டைப் புரட்டினோம். கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு அவன் ஒதுக்கியிருந்தது ஒற்றை வரி: '1962இல் அமெரிக்கா எச்சரித்தது, சோவியத் ஒன்றியம் பின்வாங்கியது.'

"இதுல மேல படிக்க என்ன மாமா இருக்கு? அமெரிக்கா ஜெயிச்சிடுச்சு" என்றான்.

அவ்வரி பொய்யன்று, பாதி உண்மை. ஆகவே தாளின் நடுவே கோடிட்டோம். இடப்பக்கம் 'அன்று அறிந்தவை', வலப்பக்கம் 'பின்னர் அறிந்தவை'.

இடப்பக்கம் விரைவில் நிரம்பியது. அக்டோபர் 14 அன்று அமெரிக்க உளவு விமானம் கியூபாவின் ஏவுகணைத் தளங்களைப் படமெடுத்தது. 16ஆம் தேதி செய்தி கென்னடியை எட்டியது. 22ஆம் தேதி அவர் தொலைக்காட்சியில் கடல்வழித் தடையை அறிவித்தார். 28ஆம் தேதி குருஷேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். பதிலுக்குக் கியூபா மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா வாக்களித்தது.

வலப்பக்கம் நிரம்ப நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 27ஆம் தேதி மாலை ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரீனினைச் சந்தித்து, துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளும் விலக்கப்படும், ஆனால் அது இரகசியமாக இருக்கவேண்டும் என்றார். 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. ராபர்ட் கென்னடியின் மறைவுக்குப் பின் 1969இல் அவரது நினைவுக்குறிப்பு நூலாயிற்று. அது உடன்படிக்கையின் பகுதி என்பதைத் தாமே நீக்கியதாக, நூலைச் செப்பனிட்ட சோரென்சென் 1989இல் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டார். போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறு அணு ஆயுதங்களும் அன்று கியூபாவில் இருந்தமை 1992இல் ஹவானா மாநாட்டில் வெளிப்பட்டது. 2002இல் மற்றொரு செய்தி வந்தது. அதே 27ஆம் தேதி, எச்சரிக்கை வெடிகளால் அலைக்கழிந்த பி-59 நீர்மூழ்கியின் தலைவர் அணுமுனை டார்பிடோவை ஆயத்தமாக்கச் சொன்னார் என்றும், வசீலி ஆர்க்கிபோவ் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் உடனிருந்த அதிகாரி ஒருவர் கூறினார்.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் மாமா மறைச்சாங்க?" என்றான்.

வரலாற்றை அவன் அப்போதுதான் படிக்கத் தொடங்கினான் என்று நமக்குத் தோன்றியது. மறைத்ததற்கு விலை உண்டு. அன்று துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஜான்சனிடம்கூட அந்த இரகசியம் சொல்லப்படவில்லை. உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்பதே வெளியுலகம் கண்ட பாடம்; விட்டுக்கொடுத்ததால் போர் தவிர்ந்தது என்ற பாடம் பூட்டிக் கிடந்தது. பின்னர் வியட்நாம் போரைப் பெருக்கியவர் அதே ஜான்சன்தான்.

அவன் தன் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, 'துருக்கியிலிருந்து அமெரிக்காவும் பின்வாங்கியது. அதை வெளியில் சொல்லவில்லை' என்று எழுதிச் சேர்த்தான். மதிப்பெண் எவ்வளவு கிடைப்பினும், அந்த இரண்டாம் வரியே நமக்கு நிறைவளித்தது.