ஃபோர்வீலில் குடும்பத்தோடு கேம்பிங்: கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

அம்பாங்கிலிருந்து ஹூலு லங்காட் பக்கம்தான். ஃபோர்வீலும் டிரெய்லரும் இருந்தால் போதுமா?

எடை: டிரெய்லரில் கனமான சாமான்களைச் சக்கர அச்சையொட்டி, தாழ்வாக வையுங்க. மொத்த எடையில் சுமார் 10% கொக்கியில் இறங்கணும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் ஆடி வண்டியையே கவிழ்த்துவிடலாம்.

டயர்: சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காம நிரப்புங்க.

இடம்: இதுதான் முக்கியம். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலி முகாமில் ஏற்பட்ட மண்சரிவில் 31 பேர் இறந்தார்கள். அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை. அதனால் உரிமம் இருக்கான்னு முதலில் கேளுங்க. மலைச்சரிவின் அடியிலும் ஆற்றோரத்திலும் கூடாரம் போடாதீங்க. மெட்மலேசியா கனமழை எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்க.