உடலுக்கேற்ற உடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆடையைத் தாமே அணிய இயலாதவரின் நிலையை எண்ணிப் பார்த்ததுண்டா? தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் எண்ணியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறுவன். இளம்பிள்ளைவாதத்தால் சூம்பிய காலில் இரும்புத் தாங்கி பூட்டி வருவான். சீருடைக் கால்சட்டை அத்தாங்கியின்மேல் ஏறாமையால் ஒருநாள் வேட்டி கட்டி வந்தான். ஒழுங்கு தவறினான் என்று அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். பிழை கால்சட்டையின் தையலில் இருந்தது என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

அத்தையலை மாற்றும் வழியை அமெரிக்க நாட்டில் முன்னரே கண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர் பலர் அங்கே வீடு திரும்பியிருந்தனர். 1952-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. இத்தகையோரை மீண்டும் கல்விக்கும் தொழிலுக்கும் ஆயத்தம் செய்ய, டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். நடக்கப் பயின்றவரும் தாமே உடுத்த இயலாவிடில், காலைதோறும் பிறர் கையை எதிர்நோக்க வேண்டுமன்றோ? ஆதலின் ஹெலன் குக்மன் என்னும் ஆடை வடிவமைப்பாளர் 1955-இல் அந்நிலையத்துடன் சேர்ந்து இப்பணியில் இறங்கினார். அவரும் செவிப்புலன் குறைந்தவரே.

கால்தாங்கியின்மேல் எளிதில் ஏறும்படி, கால்சட்டையின் பக்கத் தையலில் நீண்ட ஜிப் வைத்தார். ஊன்றுகோல் உராயும் அக்குளில் வலுவான துணி கொடுத்துத் தைத்தார். ஆயினும் பார்வைக்கு அவை பிறர் அணியும் ஆடைகளைப் போன்றே இருந்தன. அணிபவரை அவை தனியே பிரித்துக் காட்டவில்லை. 1961-இல் முரியல் சிம்மர்மேனுடன் இணைந்து இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பலர் இம்முயற்சியில் பங்குகொண்டனர். 1975-இல் லீவாய்ஸ் நிறுவனமும் சேர்ந்தது. 1976-உடன் அம்முயற்சி ஓய்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் காந்தப் பொத்தான் வைத்த சிறுவர் ஆடைகளை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, பலர் அதனைப் புதுமை என்றே வியந்தனர்.

அந்நூல் வெளியாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே நான் அச்சிறுவனை வெளியே நிறுத்தினேன். ஒரு ஜிப்பும் ஒரு தையற்காரரின் அரைமணி நேர உழைப்பும் அவனை உள்ளே அமர்த்தியிருக்கும். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராகலாம்; சிலர் ஆடை வடிவமைக்கலாம். விதி வகுக்குமுன் அதனை அணிய வேண்டியவனை அழைத்து, அவன் அளவைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.