கள்ளியை இனங்கண்ட பூச்சி

போனக்காட்டின் மழைச்சரிவிலே கள்ளியைக் காண்பது அரிது. மலைக்குக் கிழக்கே, வறண்ட நெல்லைச் சீமையிலோ சப்பாத்திக்கள்ளி வேலியாகவே நின்றது. அப்பெயரால் பொதுவாக வழங்கப்பெற்ற அமெரிக்கக் கள்ளிகள் இரண்டு. ஒன்றன் மடல் மெல்லியது. கணுவுக்கு ஓரிரு முட்களே உண்டு. மற்றதன் மடல் தடித்தது. மஞ்சள் முட்கள் கொத்தாக எழும்.

செஞ்சாயம் எடுப்பதற்கென 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி கொணரப்பட்டது. சாயம் மட்டமாக அமைந்தது. ஆயினும் பூச்சி மெல்லிய கள்ளியைத் தின்று அழித்தது. 1836-ஐ ஒட்டித் தென்னாட்டிலும் அதைப் பரப்பினர். தடித்த கள்ளியையோ அது தீண்டவில்லை. அக்கள்ளி மேய்ச்சல் நிலங்களைக் கவர்ந்தது. 1926-இல் இலங்கை வழியாக வந்த வேறோர் இனப் பூச்சியே அதனை அடக்கிற்று.

நாம் ஒரு பெயரிட்டு அழைத்த இரண்டையும் பூச்சி பிரித்தறிந்தது. களையை வெல்ல விரும்புவோர் முதலில் அதன் இனத்தை அறிதல் வேண்டும்.