நிபந்தனைச் செயற்கூறு (சி++)

நிபந்தனைச் செயற்கூறு என்பது நிரலாக்கத்தில் ஓர் உறுப்பு குறித்த நிபந்தனையை நிறைவு செய்கிறதா எனச் சோதித்து, மெய் அல்லது பொய் என்னும் விடையைத் தரும் செயற்கூறு ஆகும். அணிகளில் தேடுவதற்கு இது பெரிதும் பயன்படுகிறது.

== கூடுதல் அளபுருச் சிக்கல் ==

சி++ சீர்தர நூலகத்தின் ஃபைண்ட்_இஃப், நிபந்தனைச் செயற்கூற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பை மட்டுமே அனுப்பும். எடுத்துக்காட்டாக, மதிப்பெண் அணியில் 60-ஐ விடப் பெரிய முதல் எண்ணைத் தேடும்போது, 60 என்னும் எல்லையை இரண்டாவது அளபுருவாக அனுப்ப இயலாது.

== தீர்வுகள் ==

* முழுதளாவிய மாறி: எல்லையை இதில் இட்டு வைக்கலாம். ஆயினும் வெவ்வேறு எல்லைகளைக் கொண்டு இரு இழைகள் ஒரே நேரத்தில் தேடினால், ஒன்று இட்ட மதிப்பை மற்றொன்று மாற்றிவிடும்; விடை பிழையாகலாம்.
* செயற்கூற்றுப் பொருள்: எல்லையை ஆக்கியின் வழியே பெற்றுத் தன் உறுப்பு மாறியில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேடலுக்கும் தனிப் பொருள் அமைவதால் மேற்கண்ட பிழை நேராது.
* பைண்ட்2என்டி: இரு அளபுருக்கள் கொண்ட செயற்கூற்றுப் பொருளின் இரண்டாம் அளபுருவை முன்கூட்டியே நிலைப்படுத்தும். 1998 சீர்தரத்தில் இடம்பெற்ற இது 2017 சீர்தரத்தில் நீக்கப்பட்டது.
* லாம்டா கோவை: 2011 சீர்தரத்தில் அறிமுகமானது. வேண்டிய மாறியைச் சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டால், கோவை அதன் மதிப்பை நகலெடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன் '&' இட்டால் நகலெடுக்காமல் மூல மாறியையே சுட்டும்; அம்மாறி அழிந்தபின் கோவையைப் பயன்படுத்துவது பிழையாகும்.