அம்பழக்காட்டு அகராதியும் எங்க வீட்டு அட்டைகளும்

இன்னைக்குப் பேசப்போறது ஒரு கத்தோலிக்கத் துறவற சபையின் பழைய காகிதங்களைப் பற்றி. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை கொஞ்சம்.

எனக்கு ஆரணி. தாத்தா பட்டு நெசவாளர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. காலேஜில் பைனரி பாடம் எடுத்தப்ப எனக்கு அது புதுசாவே தெரியலை. தாத்தா போன பிறகு அந்த அட்டைகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம். யாருக்கும் எதுவும் தோணலை.

அந்த உறுத்தலோடுதான் இயேசு சபையின் மதுரை மிஷனைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். 1606-இல் ராபர்ட் டி நோபிலி மதுரைக்கு வந்து தொடங்கிவைத்தது அது. இங்கே இருந்த குருக்கள் வருஷாவருஷம் ரோமுக்குக் கடிதம் எழுதணும், அது சபையின் நடைமுறை. கப்பல் மூழ்கலாம், கொள்ளை போகலாம். அதனால் ஒரே கடிதத்துக்குப் பல பிரதிகள் எழுதி, வேறவேற கப்பலில் அனுப்பினாங்க. ‘முதல் வழி’, ‘இரண்டாம் வழி’ என்று மேலே குறிப்பும் போடுவாங்க. நாம இன்னைக்கு மூணு சர்வரில் பேக்கப் வைக்கிறோமே, அதேதான்.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் நமக்கு என்ன போயிருக்கும்? அந்தாம் தெ புரோயென்சா என்ற போர்த்துகீசியக் குரு 1659-இல் திருச்சியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று இருக்கு. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததையும், மதுரைக்காரர்கள் போய் அதையே திருப்பிச் செய்ததையும் அது சொல்லுது. 1924-இல் வெளிவந்த சத்தியநாத அய்யரின் மதுரை நாயக்கர் வரலாறு இந்தக் கடிதங்களைப் பெரிதும் நம்பித்தான் எழுதப்பட்டது. ஒரு எச்சரிக்கை: இவை ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு ஊக்கமும் ஆதரவும் வேண்டி எழுதப்பட்டவை. குருக்களின் வெற்றி பெரிசாகத் தெரியும், ஊர்க்காரர் குரல் அவர்கள் வழியாகத்தான் வரும். இருந்தாலும் பஞ்சம், போர், வரி என்று அன்றாடத்தை இத்தனை நெருக்கமாக எழுதிவைத்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

இதே புரோயென்சா தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்றையும் தொகுத்தார். 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள். 1666-இல் அவர் இறந்துபோனார். புத்தகம் 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னாசியுஸ் அய்ச்சாமணி. செதுக்கிய கைக்கும் ஒரு பெயர் மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனா அந்த அகராதி காணாமல் போச்சு. 1759-இல் போர்ச்சுகல் இயேசு சபையைத் தன் எல்லைகளிலிருந்து துரத்தியது. 1773-இல் போப் பதினான்காம் கிளெமெண்ட் சபையையே கலைத்தார். வைத்திருந்த நிறுவனமே இல்லையென்றால் காகிதம் யார் பொறுப்பு? 1954-இல் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தார். இன்றுவரை தெரிந்த ஒரே பிரதி அது. 1966-இல் கோலாலம்பூரில் அதன் நகல் பதிப்பு வந்தது. கடிதத்துக்கு இத்தனை பிரதி எழுதினவங்களின் அச்சுப் புத்தகம் ஒரே பிரதியில் தப்பிப் பிழைச்சிருக்கு!

1814-இல் சபை மீண்டது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைக்குத் திரும்பினாங்க. அவர்களில் ஒருவரான பெர்த்ராந்து பழைய கடிதங்களைத் திரட்டி, பிரெஞ்சில் நாலு தொகுதியாக அச்சிட்டார். கொடைக்கானல் பக்கத்தில் செண்பகனூரில், 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில், மதுரை மாகாணத்தின் ஆவணக் காப்பகம் இருக்கு. ஆராய்ச்சியாளர்கள் மலையேறிப் போய்ப் படிக்கிற இடம். ஆர்கைவ் என்றதும் நமக்குத் தூசியும் பூட்டும்தான் ஞாபகம் வரும். நான் அதை யாரோ தினமும் பார்த்துக்கொள்கிற டேட்டாபேஸாகத்தான் நினைக்கிறேன். பார்த்துக்கொள்ள ஆளில்லாத டேட்டாபேஸ் என்ன ஆகும் என்று நம்ம துறையில் இருப்பவங்களுக்குத் தெரியும்.

தாத்தா நெய்ததில் எங்ககிட்ட மிச்சம் அம்மாவின் கல்யாணப் புடவை மட்டும். போன மாசம் ஊருக்குப் போனப்ப அதன் பார்டரைப் போட்டோ எடுத்து, கிராஃப் தாளில் இழை இழையாகக் கட்டம் போட ஆரம்பிச்சேன். ஒரு மாங்காய் முடியவே ரெண்டு நாள் ஆச்சு. ஈரக்கையோட தொடாதே என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க.