ரெண்டு ரிங் விட்டு வெச்சிடு

மிஸ்டு கால் காலமாகிவிட்டது. இன்ன தேதி என்று போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வழியில்லை. நாலைந்து வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தந்தியின் கடைசி நாளை அரசாங்கமே அறிவித்தது. 2013 ஜூலையில் ஜனங்கள் தந்தி ஆபீஸில் வரிசையில் நின்று கடைசித் தந்தி கொடுத்தார்கள். மிஸ்டு காலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கம்பெனிக்குக் காலணா வருமானம் தராத ஒன்றுக்கு எவர் வழியனுப்பு விழா எடுப்பார்?

அதன் முன்னோர் லேண்ட்லைன் காலத்தவர்கள். ஊருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்லி அனுப்புவாள்: “போய்ச் சேந்ததும் ரெண்டு ரிங் விட்டு வெச்சிடு.” எஸ்.டி.டி. பூத்தில் அந்தப் பக்கம் எடுத்தால்தான் மீட்டர் ஓடும். எடுக்காவிட்டால் காசில்லை, பூத்காரர் முறைப்பதோடு சரி. அடித்தது யார் என்று வீட்டு போன் சொல்லாது. நேரத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு ரிங்கோடு நின்றால் பையன் ஹாஸ்டல் சேர்ந்துவிட்டான். ராங் நம்பர்காரர் எவராவது அதே நேரத்தில் இரண்டு ரிங் விட்டிருந்தாலும் அந்த வீடு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர்கள் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவும் மத்திய அமைச்சர் சுக்ராமும். அவர்களுக்கு பில் கவலை இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. செல்போனைப் பாக்கெட்டில் வைத்திருந்தவர்களே எண்ணைப் பார்த்துவிட்டு, கட் பண்ணிவிட்டு, பக்கத்து பூத்துக்கு நடந்தார்கள். 2003 மே 1 முதல் இன்கமிங் இலவசம் ஆனது. முழுச் செலவும் கூப்பிடுகிறவர் தலையில் விழுந்தது. மிஸ்டு காலை ஊரறிந்த வழக்கமாக்கியது இந்த ஒரு மாற்றம்தான். ரெண்டு பேரில் யார் கூப்பிடுவது என்பதே இனி பேச்சு. அதே வருஷம் டார்ச் விளக்கோடு நோக்கியா 1100 வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையும் வந்தது. மலிவான போன், லைஃப் டைம் வேலிடிட்டி, பேலன்ஸில் ஒரு ரூபாய். வேறென்ன வேண்டும்?

அந்த ஒரு ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேலன்ஸ் சுத்தமாகத் தீர்ந்தால் ரிங்கே போகாது. ஆகவே கடைசி ரூபாயை யாரும் தொட மாட்டார்கள். அது விதைநெல். பேசாமல் காப்பாற்றினால் மாதக்கணக்கில் மிஸ்டு கால் கொடுக்கலாம். ஆபத்து ஒன்றுதான், அந்தப் பக்கம் எடுத்துவிடுவது. நோக்கியா 1100-ல் பச்சை, சிவப்பு என்று தனித்தனிப் பட்டன் கிடையாது. திரைக்குக் கீழே இருக்கும் ஒரே பட்டன்தான் அடிக்கவும் கட் பண்ணவும். அதன்மேல் கட்டைவிரலை வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் ரிங் கேட்டதும் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் அங்கே போய்ச் சேராது. தாமதித்தால் ரூபாய் போச்சு. இதற்கென்றே போனைக் கையில் வைத்துக் காத்திருக்கும் நண்பர்கள் உண்டு. திரை மின்னியதும் எடுத்து “சொல்லு மாப்ள” என்று சிரிப்பார்கள். அடுத்தவன் ரூபாயைக் கவிழ்த்ததில் அப்படியொரு ஆனந்தம்.

ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வாசலில் நிற்கிறேன். பால்காரருக்கு ஓர் அர்த்தம், ஸ்கூல் ஆட்டோக்காரருக்கு ஓர் அர்த்தம், ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிக்கு இன்னொன்று. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்.

கஞ்சத்தனம் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் எழுதாத சட்டம் ஒன்று அதை ஆண்டது. வசதி குறைந்தவர் கொடுப்பார், வசதி உள்ளவர் திருப்பிக் கூப்பிடுவார். மகன் அப்பாவுக்குக் கொடுக்கலாம். ஊரிலிருக்கும் மனைவி திருப்பூரில் வேலை பார்க்கும் கணவனுக்குக் கொடுக்கலாம். சம்பளம் வாங்கும் மாமா, படித்துக்கொண்டிருக்கும் மருமகனுக்குக் கொடுத்தால் குடும்பத்தில் அது வருஷக்கணக்கில் கதையாக ஓடும். முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது. கைமாற்று கேட்கப் போகிறவன் கொடுக்கவே கூடாது. நிச்சயமான மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தால் மதிப்பு தாலிக்கு முன்பே போய்விடும். ருவாண்டாவில் இதே பழக்கத்தை ஆராய்ந்த ஜோனதன் டோனர் 2007-ல் வெளியிட்ட கட்டுரையிலும் கிட்டத்தட்ட இதே சட்டம் இருக்கிறது. பணமுள்ளவன்தான் செலவழிக்க வேண்டும் என்பது அங்கேயும் விதி. கடல் கடந்த இரண்டு தேசத்து எளியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே நியாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த நியாயத்துக்கு அடியில் இருந்தது நம்பிக்கை. கூப்பிட மாட்டான் என்று தெரிந்தவனுக்கு யாரும் மிஸ்டு கால் கொடுத்ததில்லை.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பெண்களின் எண்ணுக்கு அர்த்தராத்திரியில் முகம் தெரியாதவர்கள் விட்ட ரிங்கும் இதே கணக்கில்தான் வரும். “யாருங்க?” என்று திருப்பிக் கேட்ட குரல் பெண்குரல் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் விடமாட்டார்கள். உத்தரப் பிரதேச ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்கள் விலைக்குப் போவதாக 2017-ல் செய்தி வந்தது. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் விட்டு, திருப்பிக் கூப்பிடுகிறவரிடம் காசு கறக்கும் மோசடியும் கிளம்பியது. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லும் நல்ல பழக்கமே தூண்டிலில் இரையானது.

பெரிய மனிதர்கள் மிஸ்டு காலைக் கண்டுகொண்டது பிற்பாடு. 2011-ல் அண்ணா ஹசாரே இயக்கம் ஆதரவைக் காட்ட ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னது. 2014 நவம்பரில் பாரதிய ஜனதா கட்சி மிஸ்டு காலில் உறுப்பினர் சேர்க்கத் தொடங்கி, அடுத்த வருஷமே உலகின் மிகப் பெரிய கட்சி என்று அறிவித்துக்கொண்டது. பெங்களூரில் இதையே தொழிலாக நடத்திய ஜிப்டயல் கம்பெனியை 2015 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் பிகார் கிராமங்களுக்காக ஒரு செல்போன் வானொலியே நடத்தியது: மிஸ்டு கால் கொடுத்தால் போன் திரும்பி வரும், பாட்டும் சிரிப்பும் நடுவே சோப்பு விளம்பரமும் ஓடும். நம் பக்கம் பிக் பாஸ் வீட்டில் பிடித்தவரைக் காப்பாற்ற மிஸ்டு கால் ஓட்டு. அபிமான நடிகரின் குரலைக் கேட்கவும் மிஸ்டு கால். கொடுத்த கையோடு போன் வரும், “வணக்கம்” என்று அவரே பேசுவார். பதில் வணக்கம் சொன்ன ரசிகர்கள் உண்டு. அது பதிவு செய்த குரல் என்று புரிய இரண்டு வாக்கியம் ஆகும். மகன் கொடுத்த மிஸ்டு காலுக்கு அப்பா வந்தார். ரசிகன் கொடுத்ததற்கு ஒலிப்பதிவு வந்தது. அவன் எண் ஒரு பட்டியலில் ஏறியதுதான் மிச்சம்.

மரணத்துக்குக் காரணம் வறுமை அல்ல, வசதி. 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தது. “வந்துட்டேன்” என்று சொல்ல மூன்று பைசா போதும். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து, பேச்சுக்குக் கட்டணமே கிடையாது என்றது. மற்றவர்களும் அன்லிமிடெட்டுக்கு மாறினார்கள். 2018 கடைசியில், மாதம் 35 ரூபாயாவது போடாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்று பெரிய கம்பெனிகள் கறாராகச் சொல்ல ஆரம்பித்தன. லைஃப் டைம் முடிந்தது. விதைநெல் ரூபாய்க்கும் மதிப்பு போயிற்று.

சாகும் முன் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு கம்பெனி எண்ணிலிருந்து இன்னொரு கம்பெனி எண்ணுக்குப் பேசினால், கூப்பிட்ட பக்கத்துக் கம்பெனி மற்றதுக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் ஜியோ, ரிங் அடிக்கும் நேரத்தை 20 நொடியாகக் குறைத்தது. எடுப்பதற்குள் நின்றுவிடும், எடுக்காதவர் திருப்பிக் கூப்பிடுவார், 6 பைசா திசை மாறிப் பாயும் என்று குற்றம் சாட்டிய ஏர்டெல், பிறகு தானும் குறைத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, செல்போன் 30 நொடி, லேண்ட்லைன் 60 நொடி அடித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு ரூபாய் பேலன்ஸ் வைத்திருந்த கல்லூரிப் பையனின் மூளைதான் பல்லாயிரம் கோடி ரூபாய்க் கம்பெனிக்கும். 2021 ஜனவரி 1-ல் அந்த 6 பைசாவும் ரத்தானது. கடைசி மூச்சு அன்றைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதே நாளில்தான் இண்டேன், மிஸ்டு கால் கொடுத்தால் காஸ் சிலிண்டர் பதிவாகும் என்று நாடு முழுவதற்கும் அறிவித்தது.

இப்போது பேசக் காசில்லை, பேச்சும் இல்லை. கூப்பிடுவதற்கு முன் “ஃப்ரீயா? கூப்பிடலாமா?” என்று வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்கிறோம். இரண்டு டிக்கும் நீலமாகும், பதில் வராது. தெரியாத எண் என்றால் லோன் வேண்டுமா என்று கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். தெரிந்த எண்ணையும் அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் பெரியம்மா ஒருவர் மட்டும் இன்னும் விடவில்லை. அவர் போனில் அன்லிமிடெட் பேக்தான் ஓடுகிறது. எவ்வளவு பேசினாலும் காசு போகாது பெரியம்மா என்று சொல்லிப் பார்த்தேன். “காசுக்கு இல்லய்யா. நீ என்ன சோலியா இருக்கியோ. ரெண்டு மணி அடிச்சா நான்னு தெரிஞ்சிக்கிடுவ. ஒனக்கு ஒழியும்போது கூப்பிடு” என்றார்.

சிக்கனத்துக்கு உள்ளே இந்த மரியாதையும் இருந்தது. உன்னை நினைத்தேன் என்று சொல்லியாயிற்று. எப்போது பேசுவது என்பது உன் பாடு. ஆன்லைனில் இருந்தாயே, பார்த்தாயே, ஏன் பதில் இல்லை என்ற விசாரணை கிடையாது. வாட்ஸ்அப் மெசேஜும் இதைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியும். மிஸ்டு காலுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. திருப்பிக் கூப்பிட்டு வாயைத் திறந்து பேசியாக வேண்டும்.

மறைந்த மிஸ்டு காலுக்கு வாரிசுகள் உண்டு. மிஸ்டு காலில் வங்கி இருப்பு பார்ப்பது, கட்சியில் உறுப்பினராவது, காஸ் புக்கிங் எல்லாம் நல்ல நிலைமையில் இருக்கின்றன. அங்கே பதில் சொல்வது இயந்திரம், அது மறப்பதில்லை. மனிதர்களுக்கென்று விட்டுப்போன சொத்து திருப்பிக் கூப்பிடும் கடமை ஒன்றுதான். அதற்குப் பங்கு கேட்டு யாரும் வரக் காணோம். உங்கள் போனில் இரண்டு ரிங்கோடு நின்றுபோன பெரியவர் எண் ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்பார்கள். அந்த ஒண்ணுமில்லாததைப் பேசி முடிக்க அரைமணி நேரம் ஆகும். ஒழிந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.